இருநூறு வார்த்தைகளில் சபுரா அக்கா

யாழினியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஜெயந்தியின் போன் வந்தது. அவள் காலையில் கூப்பிடுகிறவள் அல்ல. உரக்கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. காலை நேரத்தில் மூச்சுவிட முடியாது. "கவி, அக்கா நோ மோர். மார்னிங். ஸ்லீப்பிங் டைம்" என்றாள். அவள் இங்கிலீஷில் சொன்னதால் அது உண்மை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தமிழில் சொல்லியிருந்தால் யார் சொன்னது, சரியாக விசாரித்தாயா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா என்று பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். எங்கள் மூன்று பேருக்குள் இங்கிலீஷில் பொய் சொல்வதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்தான் அன்று காலை போய்விட்டார்.

லப்பைக்குடிக்காட்டில் அவரை அறிந்த உங்களுக்கு அவர் வளையல் கடை சபுரா. எனக்கும் ஜெயந்திக்கும் வகுப்புத் தோழி. என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர், ஆனால் இங்கிலீஷில் நாங்கள் ஒரே வயது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்குள் அம்மாவைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அவர் மகன் கேட்டிருந்தார். அந்த நாள் கடந்துவிட்டது. மன்னிக்க வேண்டும். எழுத உட்காரும்போதெல்லாம் தமிழில் எனக்கு வார்த்தைகள் அதிகமாக வந்துவிடுகின்றன. அக்காவுக்கு அது பிடிக்காது.

நாங்கள் சந்தித்தது பெரம்பலூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். நாற்பது நாளில் ஆங்கிலம் என்று போர்டு போட்டிருந்தது. நான் எம்.எஸ்.சி. வேதியியல் படித்தவள். குரும்பலூரில் எங்கள் தெருவிலேயே முதல் எம்.எஸ்.சி. நான்தான். ஆனால் புத்தகத்து இங்கிலீஷைப் பரீட்சையில் எழுதுவேனே தவிர, வாய் திறந்து "என் பெயர் கவிதா" என்று சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வேன். முதல் நாள் மாஸ்டர் ஒவ்வொருவரையும், எதற்காக இங்கிலீஷ் கற்கிறீர்கள் என்று கேட்டார். வேலைக்குப் போக என்றேன். ஜெயந்தி, "என் வூட்டுக்காரரு உனக்கெதுக்கு இங்கிலீஷுன்னு கேட்டாரு சார், அதுக்காவத்தான்" என்றாள். அக்கா, "மெடிசின் ரீடிங்" என்றார். அடுத்த வாரம் அதே கேள்விக்கு "பேங்க் ஃபார்ம்" என்றார். உண்மையான காரணத்தைச் சொல்ல அவருக்கு ஆறு மாதமானது.

மாஸ்டர் நல்லவர்தான். பதினெட்டாம் நாள் அவருக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. போகும்போது எங்களிடம் ஒரு கட்டுக் காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் பேசிப் பழகுவதற்கான கேள்விகள். பணத்தைப் பற்றி, மகிழ்ச்சியைப் பற்றி, வாழ்க்கையில் வருகிற மாற்றங்களைப் பற்றி. வகுப்பு கலைந்து எல்லோரும் படியிறங்கினோம். கீழே வந்ததும் அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். "கேள்வி நம்மகிட்ட இருக்கு. வாயும் நம்மகிட்ட இருக்கு. வாத்தியாரு எதுக்கு?"

இடம்தான் இல்லை. அதையும் அக்காவே கண்டுபிடித்தார். பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்கள் நிற்கிற பக்கம் ஒரு சிமெண்டு பெஞ்ச். "கண்டக்டருங்க போடுற சத்தத்துல நாம பேசுற தப்பு எவன் காதுலயும் வுழாது புள்ள." சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அங்கே கூடுவோம். அக்கா லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார், கையில் ஒரு டப்பா நிறைய ஏதாவது இருக்கும். யாழினிக்கு அப்போது மூன்றரை வயது. அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். விட்டுவிட்டுப் போகிற தைரியம் எனக்கு இல்லை. அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கேள்வி, உங்களிடம் நிறையப் பணம் இருந்தால் என்ன செய்வீர்கள். தமிழில் கேட்டிருந்தால் அனாதை இல்லம் கட்டுவேன், அம்மாவுக்கு வீடு கட்டுவேன் என்று பெரிதாக ஏதாவது சொல்லியிருப்பேன். இங்கிலீஷில் அனாதை இல்லத்துக்கு என்ன வார்த்தை என்று அந்த நேரத்தில் வரவில்லை. வாயில் வந்தது, "ஐ வில் ஸ்லீப்." சொன்ன பிறகுதான் நான் எவ்வளவு தூங்காமல் இருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அக்கா யோசித்து, யோசித்து, "ஐ வில் பை ஒன் லாக்" என்றார். பூட்டா? "நோ, நோ. இன்சைட் லாக். மை ரூம்." உள்தாழ்ப்பாள்.

அக்காவின் வீட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மூன்று மாடி, பளிங்குத் தரை. அங்கே தாழ்ப்பாளுக்கு என்ன குறை என்று ஜெயந்தி கேட்டாள். "தாப்பா போடாத வூடு அது. கூட்டு வூடுல்ல? பதினோரு ரூமு இருக்கு. எந்த ரூமுல போயி உக்காந்தாலும் சபுரா எங்க, சபுரா எங்கன்னு ஒரு ஆளு வந்துரும். அரை மணி நேரம், ஒருத்தரும் வராம ஒரு கதவு." சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போய் எங்களைப் பார்த்தார். "ஏன்டி, இதை நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல!" பிறகு அன்று அவர் சொன்னதுதான் எங்கள் சட்டமானது. "பொய் சொல்ல நெறய வார்த்தை வேணும் புள்ள. நமக்குத் தெரிஞ்சது மொத்தம் இருநூறு. அதை வச்சு உண்மையத்தான் சொல்ல முடியும்."

மகிழ்ச்சிக்கான கேள்வி வந்த சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எப்போது நீங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தீர்கள்? ஜெயந்தி ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கடவுள் பக்தி அதிகம். கண்ணை மூடிக்கொண்டு, "மை ஹஸ்பெண்ட் கோ டு சபரிமலா. ஃபைவ் டேஸ்" என்றாள். அந்த ஐந்து நாளும் ராத்திரி பன்னும் டீயும்தானாம், கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்குவாளாம். அதையும் கையை விரித்து நடித்துக் காட்டினாள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் புரையேறி இருமினார். "அம்மா, ஒங்க வூட்டுக்காரரு பேரைச் சொல்லுங்க, அடுத்த வருஷம் டிக்கெட் நான் போட்டுத் தரேன்" என்றார்.

அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் முறை வந்தது. "மை ஹஸ்பெண்ட் கோ டு சவூதி. ட்வென்டி சிக்ஸ் இயர்ஸ்." பிறகு ஜெயந்தியின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். "உன் ஆளு அஞ்சு நாள் போனா ஹேப்பி. என் ஆளு வருஷத்துல ஒரு மாசம் வந்தா ஹேப்பி. ரெண்டு பேரும் மாத்திக்குவமாடி?" மறுபடியும் சிரித்தோம். அரியலூர் பஸ் ஒன்று கிளம்பிப் போனது. அக்கா டப்பாவைத் திறந்து வட்டலப்பம் என்ற முட்டை இனிப்பில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

இப்போது நான் முன்பு தள்ளிவைத்ததைச் சொல்ல வேண்டும். யாழினிக்கு ஒன்றரை வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு வலிப்பும் வந்தது. அன்றிலிருந்து என் கைப்பையில் தெர்மாமீட்டர் இல்லாமல் நான் வெளியே போனதில்லை. அவளைத் தொட்டுப் பார்ப்பேன், உடனே தெர்மாமீட்டர் வைப்பேன், சரியாக இருந்தாலும் பத்து நிமிடம் கழித்து மறுபடி வைப்பேன். என் மாமியார் பொறுமையானவர். அவரிடம்கூடக் குழந்தையை ஒரு மணி நேரம் விட எனக்கு மனசு வராது. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டது அதனால்தான். வெளியே சொல்லும்போது மட்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பேன். அக்கா எனக்கு "தெர்மாமீட்டர் டீச்சர்" என்று பெயர் வைத்திருந்தார்.

உங்கள் வாழ்க்கையின் பெரிய மாற்றம் எது என்ற கேள்வி வந்தபோது நான் இதைச் சொன்னேன். "மை சைல்ட், ஃபீவர். ஃபிட்ஸ் கேம். டூ மினிட்ஸ். வி வென்ட் ஹாஸ்பிடல். டாக்டர் செட், நோ ப்ராப்ளம். நவ் ஓகே." அவ்வளவுதான். அதற்கு மேல் வார்த்தை இல்லை.

"என்ன சொன்னே? கடைசி ரெண்டு வார்த்தையைத் திருப்பிச் சொல்லு" என்றார் அக்கா.

"நவ் ஓகே."

"இந்தக் கதையைத் தமிழ்ல எங்கிட்ட நாலு தடவ சொல்லிருக்கே கவி. ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம். புள்ள கண்ணு எப்படிச் சொருவுச்சு, ஆட்டோ எப்படிக் கெடைக்கல, நீ செருப்பு போடாம எப்படி ஓடுனே, எல்லாம் சொல்லுவே. நாலு தடவையும் இப்ப நல்லாருக்கான்னு நீ சொன்னதே இல்ல."

நான் யாழினியைப் பார்த்தேன். பெஞ்சுக்குக் கீழே உட்கார்ந்து, பழைய பஸ் டிக்கெட்டுகளைப் பொறுக்கி, வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அரியலூர் அரியலூர்" என்று கத்தினாள். அவள் நன்றாகத்தான் இருந்தாள். இரண்டு வருஷமாக நன்றாகத்தான் இருந்திருக்கிறாள்.

"இனிமே பயம் வந்தா தமிழ்ல பயப்படாத" என்றார் அக்கா. "தமிழ்ல நீ ரொம்ப நல்லாப் பயப்படுறே. இங்கிலீஷ்ல பயப்படு. மூணு வார்த்தைல முடிஞ்சுரும்."

அந்த ஆறாம் மாதம்தான் தன் உண்மையான காரணத்தையும் சொன்னார். முந்தைய வருஷம் துபாயில் மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்திருக்கிறார். தினமும் லிஃப்டில் ஒரு பெண் வருவாளாம், பிலிப்பைன்ஸ்காரி. பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே "ஹவ் ஆர் யூ" என்று கேட்பாளாம். அக்காவுக்குத் தெரிந்தது "யெஸ்" ஒன்றுதான். முப்பது நாளும் யெஸ், யெஸ் என்றே சொல்லி வந்திருக்கிறார். "அவ என்னைய என்ன நெனச்சிருப்பா? ஒருத்தி எப்படி இருக்கேன்னு கேக்குறா, பதில் சொல்லாம வந்துட்டேனே. அது மனசுல குறுகுறுன்னுச்சு." ஊரில் கடை, வீடு, விருந்தாளி என்று ஓடுகிற ஒரு பெண்மணி, வாராவாரம் பஸ் ஏறி வந்தது, ஒரு லிஃப்டில் விட்டுவந்த பதிலுக்காக.

மறுபடியும் துபாய் போனார். போய்ப் பத்தாம் நாள் எங்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதை நான் இன்னும் அழிக்கவில்லை. "ஏய், இங்க ஒரு கூத்து நடந்துபோச்சுடி! அவ வந்தா. ஹவ் ஆர் யூன்னு கேட்டா. நம்ம சட்டம் இருக்குல்ல, இங்கிலீஷ்ல உண்மைதான் சொல்லணும்னு? சொல்லிட்டேன். லிட்டில் சேட், லெக் பெயின், சன் பிஸி, ஐ மிஸ் மை ஷாப்புன்னேன். அவ அப்படியே நின்னுட்டா. லிஃப்ட் மேல போச்சு, கீழ வந்துச்சு, மறுபடி மேல போச்சு. எறங்கவே இல்ல. அவளும் அழுவுறா. அவ புள்ளைய அவங்கம்மாகிட்ட வுட்டுட்டு வந்து நாலு வருஷமாச்சாம். இப்பத்தான் எம்மவன் சொல்றான், அம்மா அது சும்மா கேக்குறது, ஃபைன்னு சொல்லிட்டுப் போவணும்னு. அப்படியாடி? சும்மா கேக்குறதா? சும்மா எதுக்குக் கேக்குறது?" அதற்குப் பிறகு ஒரு நீண்ட சிரிப்பு. முடிவில், "அவ இங்கிலீஷ் நம்மளவிட மோசம், அல்ஹம்துலில்லாஹ்."

லிசா என்பது அந்தப் பெண்ணின் பெயர். அந்தப் பெயரைப் பிறகு மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா ஊர் திரும்பிய மாதம் எனக்கு அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையின் ஆய்வகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது. சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்கிற வேலை. படித்த படிப்புக்கான வேலை. அன்று காலை யாழினிக்கு மூக்கு ஒழுகியது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பது காட்டியது. நான் புடவையை அவிழ்த்துவிட்டு நைட்டி போட்டுக்கொண்டு, போகவில்லை என்று அக்காவுக்குச் சொன்னேன். ஒன்றரை மணி நேரத்தில் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அவளையும் கூட்டிட்டு வா. நீ உள்ள போ, நாங்க வெளிய இருக்கோம். எங்களுக்கு அங்க டீக்கடை இருக்கும்ல?"

பஸ்ஸில் நான் பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அக்கா காகிதத்தைப் பிடுங்கித் தன் பர்தாவுக்குள் வைத்துக்கொண்டார். "மனப்பாடம் பண்ணா பொய் வந்துரும்."

உள்ளே மூன்று பேர். நடுவில் ஒரு அம்மா. மூன்று வருஷமாக ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்த பதில் ஒன்று இருந்தது, குடும்பப் பொறுப்புகள் என்று நீளமாக. அது வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுப் பழக்கம்தான் வந்தது. என் குழந்தைக்கு வலிப்பு வந்தது, நான் பயந்துவிட்டேன், இன்னும் பயம் இருக்கிறது, ஆனால் குழந்தை நன்றாக இருக்கிறாள், எனக்கு இந்த வேலை பிடிக்கும். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யுவர் சைல்ட் இஸ் வேர் நவ்?" என்று கேட்டார். "அவுட்சைட். டீ ஷாப்" என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் வேதியியல். அதில் எனக்குப் பயமில்லை.

வெளியே வந்து பார்த்தால், அக்கா பெஞ்சில் படுத்திருக்கிறார், யாழினி என் தெர்மாமீட்டரை அவர் கக்கத்தில் வைத்து டாக்டர் விளையாடிக்கொண்டிருக்கிறாள். "ஒம்மவ எனக்கு நாலு ஊசி போட்டுட்டா. அவளுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ரெண்டு நாள் ரெஸ்டாம்" என்றார் அக்கா, எழுந்திருக்காமலே.

வேலை கிடைத்தது. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஜெயந்தியின் போன் வந்தது.

அன்று நானும் ஜெயந்தியும் பஸ் பிடித்து லப்பைக்குடிக்காடு போய்ச் சேர்ந்தோம். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். அதிகாலைத் தொழுகை முடித்துவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தவர் எழவில்லையாம். வேதனை இல்லாத முகம். பெண்கள் கூடியிருந்த அறையில் ஓரமாக உட்கார்ந்தோம். அப்போது அக்காவின் போன் அடித்தது. அவர் தங்கை நூர்ஜஹான் எடுத்துக் காதில் வைத்தார், விழித்தார். "யாரோ வெளிநாட்டுப் பொம்பள, அழுவுறா. எனக்கு ஒண்ணும் புரியல. இங்க யாருக்காவது இங்கிலீஷ் தெரியுமா?"

அறையில் அத்தனை பேர் இருந்தார்கள். நான் எழுந்து, "எனக்குத் தெரியும்" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நான் அதற்கு முன் சொன்னதில்லை.

லிசாதான். அக்காவின் மகன் விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நான் பெயரைச் சொன்னேன். அவள் அழுகைக்கு நடுவே, "ஹவ் ஆர் யூ, கவி?" என்றாள். "சேட். வெரி சேட். மை டாட்டர் ஹேஸ் கோல்ட். ஷி வில் பி ஓகே. ஐ மிஸ் அக்கா" என்றேன். அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. தெர்மாமீட்டரைத் தெரிந்திருந்தது. ஜெயந்தியின் சபரிமலைகூடத் தெரிந்திருந்தது. பிறகு கேட்டாள், அக்காவுக்கு அந்த உள்தாழ்ப்பாள் கிடைத்ததா என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொல்கிறாள் என்று நூர்ஜஹான் கேட்டார். சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அரை மணி நேரம், ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள். நூர்ஜஹான் வாயைப் பொத்திக்கொண்டார். "தாப்பாதானே? எங்கிட்டக் கேட்டிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேனே. எங்க லாத்தா ஏன் கேக்கல?" அக்காவை லாத்தா என்றுதான் அவர் கூப்பிடுவார். ஜெயந்திதான் பதில் சொன்னாள். "இங்கிலீஷ்லதாங்க கேட்டாங்க. தமிழ்ல கேக்க அவங்களுக்கு வாய் வரல." அந்தத் துக்க வீட்டில் யாரோ ஒரு வயதான பெண்மணி முதலில் சிரித்தார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும், கண்ணீரோடு.

போன வாரம் நூர்ஜஹான் போன் செய்தார். "லாத்தா ரூமுக்குத் தாப்பா போட்டாச்சு கவிதா. மத்தியானம் நான்தான் உள்ள போயிப் போட்டுட்டு உக்காந்துக்கிறேன். நல்லாத்தான் இருக்கு. ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்க."

ஜெயந்தியும் நானும் சனிக்கிழமைகளில் இன்னும் அந்த பெஞ்சுக்குப் போகிறோம். லிசா சில வாரம் போனில் சேர்ந்துகொள்கிறாள். ஆனால் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இங்கிலீஷ் அல்ல. இங்கிலீஷில் மட்டும் சொல்ல முடிந்ததை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழிலும் சொல்லிப் பார்க்கிறேன். துக்கத்துக்குப் போய் வந்த அன்று மாமியாரிடம், "எனக்குப் பயமா இருக்கு அத்த. ஆனா நாளைக்கு வேலைக்குப் போறேன். சளி புடிச்ச யாழினிய நீங்க பாத்துக்குங்க" என்றேன். மூன்று வாக்கியம். "இதைச் சொல்ல உனக்கு மூணு வருஷமாச்சா?" என்றுவிட்டு, அவர் யாழினியின் தண்ணீர் பாட்டிலைக் கழுவ எடுத்துக்கொண்டு போனார். தெர்மாமீட்டர் இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நேற்றுக் காலை வேனுக்காக நின்றபோது, எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் தன் பையனோடு வந்தாள். சும்மாதான் கேட்டாள், "எப்படி இருக்கீங்க?" என்று.

"கொஞ்சம் துக்கம். கொஞ்சம் தூக்கம் இல்ல. புள்ள நல்லாருக்கா. நானும் பரவால்ல" என்றேன். "நீங்க எப்படி இருக்கீங்க?"

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள், மூடினாள், பையைக் கீழே வைத்தாள். வேன் வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.